பேச்சு வராத மூன்றரை வயதுப் பையன்: வீட்டில் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று உறுதி செய்து இரண்டு மாதம் ஆகிறது. வாயில் ஒரு சொல்கூட இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். நினைத்தது நடக்காவிட்டால் தலையைத் தரையில் முட்டிக்கொள்கிறான். ஐந்தாறு உணவைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் நாலு மணி வரை தூக்கமில்லை. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? இது எப்போது சரியாகும்?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆட்டிசம் வந்து போகிற நோய் இல்லை. மூளை வளரும் விதமே வேறாக இருக்கிறது. அது வாழ்நாள் முழுக்க இருக்கும். அதற்காக, இன்று இருக்கிற நிலையிலேயே நின்றுவிடுவான் என்று நினைக்க வேண்டாம். 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நான்கு வயதில் பேச்சு மிகவும் பின்தங்கியிருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றிய தகவலை அலசியது. நான்கு வயதுக்குப் பிறகு அவர்களில் 70 சதவீதம் பேர் சொற்களைச் சேர்த்துப் பேசும் நிலைக்காவது வந்திருந்தார்கள். 47 சதவீதம் பேர் சரளமாகப் பேசினார்கள். மற்றவர்களுக்கு அந்த அளவு பேச்சு வரவில்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் வீட்டு வேலையைத் திட்டமிட வேண்டும். பேச்சு வரும் என்று நம்பி உழையுங்கள். ஆனால் வரும்வரை அவனை வாயடைத்துக் காத்திருக்க வைக்காதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு என் பதில் உறுதியானது: அவன் கேட்பதற்கு ஒரு வழி. உட்காரப் பழக்குவது, கண்ணைப் பார்க்க வைப்பது, நிறம் எண் சொல்லிக்கொடுப்பது எல்லாம் பிறகு. நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பெரும்பகுதி, வேண்டியதையும் வேண்டாததையும் வலிப்பதையும் சொல்ல அவனிடம் வழியில்லாததால் வருகிறது.

அதற்கு முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். முறையான காது கேட்கும் பரிசோதனை நடந்திருக்கிறதா? டிவி விளம்பரச் சத்தத்துக்கு ஓடி வருகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். சில சுருதிகள் மட்டும் கேட்காத குழந்தையும் விளம்பரத்துக்கு ஓடி வரும். ஒத்துழைக்காத குழந்தைக்குத் தூக்கத்தில் எடுக்கும் பெரா பரிசோதனை இருக்கிறது. அதோடு பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாறு உணவோடு நிற்கும் பிள்ளைக்கு அது குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். குறைந்தால் தூக்கமும் கெடும்.

இனி கேட்கும் வழி. கையைப் பிடித்து இழுத்துப் போவது நல்ல தொடக்கம். உங்களால் ஒரு காரியம் ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இழுப்பை எல்லோருக்கும் புரிகிற ஒரு செயலாக மாற்ற வேண்டும். அதற்கு எளிதானது படத்தைக் கொடுத்துக் கேட்பது. ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் இருவரும் 1985-இல் அமெரிக்காவின் டெலவேரில் உருவாக்கிய பெக்ஸ் முறை இதுதான். முறையாகப் பயிற்சி பெற்றவரிடம் கற்பது சிறந்தது. அதுவரை முதல் படியை வீட்டிலேயே தொடங்கலாம்.

இரண்டு நாள் சும்மா பாருங்கள். யாரும் சொல்லாமல் அவனாகப் போய் எடுப்பவை, அழுது கேட்பவை எவை? ஐந்தாறு தேர்ந்தெடுங்கள். சீக்கிரம் தீர்ந்துபோகிற, அல்லது உங்கள் உதவி இல்லாமல் நடக்காத பொருளாக இருந்தால் நல்லது: சோப்புக் குமிழி, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை, ஊஞ்சலில் தள்ளிவிடுவது, சிறு துண்டுகளாக உடைத்த பிஸ்கட். ஒரு முழு பிஸ்கட்டைக் கொடுத்தால் ஒரு தடவைதான் கேட்பான். எட்டாக உடைத்தால் எட்டு தடவை. ஒவ்வொன்றையும் வெற்றுப் பின்னணியில் படம் எடுத்து, ஏறக்குறைய 5 செ.மீ. சதுரத்தில் அச்சிட்டு, லேமினேட் செய்து, பின்புறம் வெல்க்ரோ ஒட்டுங்கள்.

முதல் சில நாளுக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் எதிரே, குமிழிக் குப்பியோடு. இன்னொருவர் பிள்ளைக்குப் பின்னால். நடுவில் ஒரே ஒரு படம். எதிரே இருப்பவர் இரண்டு முறை ஊதிக் காட்டிவிட்டு நிறுத்துகிறார். பிள்ளை குப்பியை எட்டிப் பிடிக்கக் கை நீட்டுகிறான். அந்த நொடியில் பின்னால் இருப்பவர், ஒரு வார்த்தையும் பேசாமல், அந்தக் கையைப் படத்தின் மேல் கொண்டுபோய், எடுக்கவைத்து, எதிரே இருப்பவரின் விரித்த கையில் வைக்கவைக்கிறார். படம் கையில் விழுந்ததும் எதிரே இருப்பவர் "குமிழி!" என்று சொல்லி உடனே ஊதுகிறார். அவ்வளவுதான். "என்ன வேணும்?", "படத்தை எடு", "அம்மாகிட்ட குடு" எதுவும் வேண்டாம். நீங்கள் கேட்டால்தான் படத்தைக் கொடுப்பது என்று பழகிவிட்டால், நீங்கள் கேட்காத வரை அவன் கேட்கவே மாட்டான்.

பின்னால் இருப்பவர் உதவியைக் குறைப்பதும் ஓர் ஒழுங்கில்தான். கடைசி அசைவிலிருந்து விலகுங்கள். முதலில், கையில் வைக்கும் வேலையை அவனிடம் விடுங்கள். அது வந்த பிறகு, கொண்டுவருவதை. அதன் பிறகு, படத்தை எடுப்பதை. வரிசையை மாற்றி, எடுப்பதிலிருந்து விலகினால் பாதியில் நின்றுபோகும். ஒரே இடத்தில் அரை மணி உட்காரவைத்து நடத்தாதீர்கள். நாள் முழுக்க சிதறி, குளியலறை வாசலில், ஊஞ்சலடியில், சாப்பாட்டு மேசையில் என்று முப்பது நாற்பது வாய்ப்பு கிடைத்தால் போதும்.

உதவியில்லாமல் கொடுக்கத் தொடங்கியதும் ஓரடி தள்ளி நில்லுங்கள், பிறகு இரண்டடி, பிறகு அடுத்த அறை. முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், உங்களைத் தொட்டுத் திருப்பிக் கொடுக்கப் பழகட்டும். இந்தப் படியைத் தாண்டி ஓடுபவர்கள்தான் அதிகம். கையருகே வைத்தால் கொடுக்கிறான், அறை மாறினால் கொடுப்பதில்லை என்ற குறை வருவது இதனால்தான். படங்களைப் பார்த்துப் பிரிப்பது அடுத்தது. பிடித்த பொருளின் படத்தோடு, அவனுக்குச் சற்றும் ஆர்வமில்லாத ஒன்றின் படத்தை வையுங்கள். தவறானதைக் கொடுத்தால் அந்தப் பொருளையே கொடுங்கள், முகம் சுளிப்பான், அப்போது சரியான படத்தைக் காட்டி மீண்டும் வாய்ப்புக் கொடுங்கள். இரண்டு பிடித்த பொருளில் தொடங்கினால் எது கிடைத்தாலும் சந்தோஷம்தான், படத்தைப் பார்க்க அவசியமே இருக்காது.

"வேண்டும்" படங்களை மட்டும் செய்துவிட்டு நிறுத்துவது பெரிய குறை. "வேண்டாம்", "போதும்", "உதவி", "கொஞ்ச நேரம் விடு", "வலிக்குது" இந்த ஐந்தும் அதே அளவு முக்கியம். "போதும்" படத்தைக் கொடுத்தால், தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் மதித்து நிறுத்துங்கள். மதிக்காத அட்டையை அவன் மறுபடி எடுக்க மாட்டான்; தலையை முட்டிக்கொள்வதற்குத் திரும்பிவிடுவான். படப் புத்தகம் எப்போதும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தொந்தரவாக இருக்கிறது என்று அலமாரி மேல் வைப்பது அவன் வாயைக் கட்டுவதற்குச் சமம்.

படத்தைக் கொடுத்துப் பழகினால் பேச்சு வராமல் போய்விடுமே என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. படம், சைகை, பேசும் டேப்லெட் எதுவும் பேச்சைத் தடுப்பதில்லை. பலருக்குச் சிறிதளவு கூட்டுகிறது. டேப்லெட்டில் பேசும் செயலியையே முதலில் தேர்ந்தெடுத்தாலும் சரி. அந்தக் கருவியில் விளையாட்டும் வீடியோவும் இருக்கக் கூடாது. அது பேசுவதற்கு மட்டும். நீங்களும் பேசும்போது அதே படங்களைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். "வெளிய போலாம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு படத்தைத் தொடுவது. பதிலை எதிர்பார்க்காமல் பல வாரம் இப்படிச் செய்தால்தான் அது ஒரு மொழி என்று அவனுக்குப் புரியும். ஒன்றே ஒன்றுக்கு எச்சரிக்கை: பெரியவர் ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தட்டவைத்து "இவனே எழுதினான்" என்று காட்டும் முறையை நம்பாதீர்கள். பரிசோதித்துப் பார்த்தபோது எழுதியது கையைப் பிடித்தவர்தான் என்று தெளிவாகிவிட்டது.

உங்கள் பேச்சையும் சுருக்குங்கள். "கண்ணா, அம்மா சொல்றதைக் கேட்டு செருப்பை எடுத்துப் போட்டுக்கிட்டு வா, நேரமாச்சு" என்பதில் அவனுக்கு எட்டுவது எதுவோ. "செருப்பு போடு" போதும். சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்டதைப் புரிந்து உடம்பை அசைக்க நேரம் பிடிக்கும். நாம் மூன்று நொடியில் பொறுமையிழந்து இரண்டாம் முறை சொல்கிறோம். அங்கே முதலில் சொன்னதும் கலைந்துபோகிறது.

பேச்சு தொடங்கும்போது கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லலாம். தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்று உங்கள் குரலிலேயே வந்து நிற்பான். அவன் தண்ணீர்தான் கேட்கிறான். "ஆமா வேணுமா?" என்று திருப்பிக் கேட்டால் அதையும் திருப்பிச் சொல்வான், சுற்றிக்கொண்டே இருக்கும். அவன் சொல்ல வேண்டியதை அவன் பக்கத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." சொன்னதும் கொடுங்கள். திருத்தவோ மறுபடி சொல்லச் சொல்லவோ வேண்டாம். வீட்டு மொழியை விட்டுவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு கூடுதலாகப் பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தாத்தா பாட்டி பேசும் மொழி அவனுக்கு அந்நியமாகிவிடுவதுதான் உண்மையான நஷ்டம்.

தலையை முட்டிக்கொள்வதற்கு வருவோம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, அவன் செய்தது, அதற்குப் பின் நீங்கள் செய்தது. மூன்றாவதைவிட இரண்டாவதும் நான்காவதும்தான் விடை சொல்லும். "மாலை 6.10. டிவியை அணைத்தோம். ஐந்து முறை முட்டினான். மறுபடி போட்டோம்." இதைப் பத்து முறை எழுதினால், தலையை முட்டினால் டிவி வரும் என்பதை அவன் நம்மிடமே கற்றிருக்கிறான் என்று தெரியும். இன்னொரு வீட்டில் அது குளியலிலிருந்து தப்பிக்க இருக்கலாம். வேறொன்றில் யாரும் கவனிக்காதபோது அழைக்க. முன்னால் எதுவுமே இல்லாமல், தனியாக இருக்கும்போதும், குறிப்பாகப் படுத்தவுடனோ சாப்பிட்டவுடனோ முட்டினால் வலியைத் தேடுங்கள்: காது, பல், வயிறு.

காரணம் தெரிந்த பிறகு, அதே பலனைத் தரும் எளிய வழி ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். 1985-இல் எட்வர்ட் கார், மார்க் துராண்ட் என்ற உளவியலாளர்கள் காட்டியது இதைத்தான்: கடினமான வேலையிலிருந்து தப்பிக்க ரகளை செய்யும் குழந்தைக்கு உதவி கேட்கக் கற்றுக்கொடுத்தால் ரகளை குறைகிறது. காரணத்துக்குப் பொருந்தாததைக் கற்றுக்கொடுத்தால் பலனில்லை. வேலையிலிருந்து தப்பிக்க முட்டுபவனுக்குக் "கொஞ்ச நேரம் விடு" அட்டை வேண்டும். அவனைக் கொஞ்சுவதால் எதுவும் மாறாது. அட்டையைக் கற்றுக்கொடுக்கும் நேரம், அவன் அமைதியாக இருக்கும் நேரம். முட்டிக்கொண்டிருக்கும்போது எதுவும் உள்ளே போகாது.

டிவி விஷயத்தில், அணைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னும் ஒரு நிமிடம் முன்னும் காட்டுங்கள். மணிக்கணக்கு புரியாத வயது என்பதால், சிவப்புப் பகுதி குறைந்துகொண்டே வரும் டைமர் உதவும். ஓர் அட்டையில் இடப்பக்கம் "முதலில்", வலப்பக்கம் "பிறகு": முதலில் குளியல், பிறகு ஊஞ்சல். "பிறகு" பக்கத்தில் அவனுக்கு உண்மையிலேயே பிடித்தது இருக்க வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். முட்டினால் டிவி இனி வராது என்று தீர்மானித்தால், முதல் சில நாள் முட்டுவது கூடும். இது எதிர்பார்க்க வேண்டியதே. கூடியது கண்டு நான்காம் நாள் போட்டுவிட்டால், இன்னும் பலமாக முட்ட வேண்டும் என்ற பாடம் பதியும். அதைத் தாங்க வீட்டில் எல்லோரும் தயாரா என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். தயாரில்லை என்றால் தொடங்காதீர்கள். காயம்படும் அளவுக்கு முட்டுபவனிடம் வல்லுநர் துணையில்லாமல் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

எல்லாக் கூச்சலும் எதையாவது வாங்குவதற்காக வருவதில்லை. கூட்டம், ஒலிபெருக்கி, பளிச்சென்ற வெளிச்சம், பசி எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் உடைந்துபோவதும் உண்டு. கேட்டதைக் கையில் கொடுத்தாலும் நிற்காது என்பதுதான் அடையாளம். அப்போது பேச்சை நிறுத்துங்கள். விளக்கை அணைத்து, ஆட்களை வெளியே அனுப்பி, தலைக்கும் தரைக்கும் நடுவே தலையணையோ உங்கள் உள்ளங்கையோ வையுங்கள். குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பிடிக்கக் கூடாது, மூச்சுத் திணறும். அடங்கிய பிறகு அரை மணி நேரமாவது எந்த வேலையும் சொல்லாதீர்கள். பலமாக முட்டிய பின் வாந்தி, வழக்கமில்லாத மயக்கம் இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தூக்கத்துக்கு ஒரு கேள்வி: இரவு ஒன்பது மணிக்கு அவன் எப்படித் தூங்குகிறான்? உங்கள் தோளில், அல்லது போனில் பாட்டைப் பார்த்தபடி என்றால் இரண்டு மணிச் சிக்கலின் பாதி அங்கே இருக்கிறது. எல்லோரும் இரவில் சிலமுறை விழித்துத் திரும்பப் படுக்கிறோம். தூங்கும்போது இருந்தது விழிக்கும்போது இல்லையென்றால் அவனால் திரும்பத் தூங்க முடியாது. இரவு முழுக்க மாறாமல் இருக்கக்கூடியவற்றோடு மட்டும் தூங்கப் பழக்க வேண்டும்: அதே இருட்டு, அதே போர்வை, அதே மின்விசிறிச் சத்தம். உங்கள் உடனிருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். சில நாள் பக்கத்தில் படுப்பது, பிறகு கட்டிலோரம் உட்காருவது, பிறகு கதவோரம். இரண்டு மணிக்கு எழுந்தால் விளக்கு, விளையாட்டு, போன், தின்பண்டம் எதுவும் இல்லை. இரண்டு வார்த்தை சொல்லி மறுபடி படுக்கவைப்பது, எத்தனை முறை என்றாலும்.

எட்டரைக்குப் படுக்கவைத்துப் பத்தரைக்குத்தான் தூங்குகிறான் என்றால் சில நாள் பத்தரைக்கே படுக்கவையுங்கள். படுத்ததும் தூங்கப் பழகிய பின் சில நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். காலை எழுப்பும் நேரம் மட்டும் தினமும் ஒன்றே, இரவு எப்படிப் போயிருந்தாலும். பகல் தூக்கத்தைக் குறைக்கவும் இடமிருக்கிறதா பாருங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் எல்லாத் திரையும் அணைய வேண்டும். குறட்டை விட்டால் டான்சில், அடினாய்டு பார்க்க வேண்டும். தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சில குழந்தைகளுக்கு நன்றாக உதவுகிறது, ஆனால் தூக்கம் பிடிக்கத்தான் அதிகம் உதவும். நடு இரவில் எழுவதற்கு அவ்வளவாக இல்லை. மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள்.

உணவு விஷயத்தில் முதல் விதி, இப்போது சாப்பிடுவதைக் கெடுக்காதீர்கள். அவன் நம்புகிற உணவுக்குள் மருந்தையோ காய்கறியையோ ஒளித்துக் கொடுப்பது பெரிய ஆபத்து. கண்டுபிடித்துவிட்டால் அந்த உணவும் போய்விடும், ஆறு ஐந்தாகும். புதியதை வேறு தட்டில், அவன் சாப்பிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் வையுங்கள். மேசையில் இருப்பதைச் சகிப்பது, தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது எல்லாம் தனித்தனிப் படிகள். ஒவ்வொன்றுக்கும் நாள் எடுக்கும். பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகும் தொடாமல் இருக்கலாம். வேகமாகப் பலன் தருவது, சாப்பிடுகிற ஒன்றிலேயே ஒரே ஒரு அம்சத்தை மாற்றுவது: அதே பிஸ்கட்டின் வேறு வடிவம், பிறகு வேறு சுவை. வாயில் திணிப்பது, மூக்கைப் பிடிப்பது ஒருபோதும் கூடாது.

பால் குடிப்பதையும் அளந்து பாருங்கள். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசியைக் கெடுக்கும். இரும்புச் சத்துக் குறைவுக்கும் வழி வைக்கும். ஒரு விஷயத்தை மருத்துவர்களே தவறவிடுவதுண்டு: பழமும் காயும் முற்றாகத் தவிர்க்கும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வருவது இன்றும் நடக்கிறது. ஈறில் ரத்தம், கால்வலி, நடக்க மறுப்பது அதன் அடையாளங்கள். பிடிவாதம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இருந்த உணவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ உணவியல் வல்லுநரைப் பார்க்கும் நேரம் அது.

கழிப்பறைப் பழக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அவசரமும் இல்லை. தொடங்கும்போது மலச்சிக்கலை முழுதாகச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள், கால் ஊன்ற ஒரு முக்காலி வையுங்கள்.

பாதுகாப்பை மட்டும் இந்த வாரமே கவனியுங்கள். ஆட்டிசக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பின் ஒருமுறையாவது யாருக்கும் தெரியாமல் வெளியே போக முயன்றிருக்கிறார்கள் என்று 2012-இல் வந்த ஆய்வு சொல்கிறது. பலருக்கு நீரின் மேல் தீராத ஈர்ப்பு. அப்படி வெளியே போய் நேர்ந்த இறப்புகளில் நீரில் மூழ்கியவை அதிகம். வாசல் கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். தண்ணீர்த் தொட்டி, வாளி, கிணறு எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும். உடையிலோ கையிலோ தொலைபேசி எண் இருக்கட்டும்; பெயர் கேட்டால் சொல்லத் தெரியாதவன். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவையுங்கள். காணாமல் போனால் முதலில் தேட வேண்டிய இடம் அருகிலுள்ள நீர்நிலை, தெருமுனை பிறகு. நீச்சல் கற்றுக்கொடுப்பதை எத்தனை சீக்கிரம் தொடங்கினாலும் நல்லதே.

ஸ்பீச் தெரபி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி இரண்டும் இந்த நிலையில் பயன்படும். மணிக்கணக்கைப் பார்த்து மையத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாரம் 40 மணி என்ற எண் 1987-இல் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து பிரபலமானது. மூன்றரை வயதுக் குழந்தைக்கு அது ஒரு முழுநேர வேலை. அதைவிட இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? வீட்டில் செய்ய எனக்குக் கற்றுத்தருவீர்களா? அடுத்த மூன்று மாத இலக்கு என்ன, எப்படி அளப்பீர்கள்? "பேச வைப்போம்" என்பது இலக்கு இல்லை. "ஐந்து பொருளை யாரும் தூண்டாமல், வீட்டில் இரண்டு பேரிடம் கேட்பான்" என்பதுதான் இலக்கு. பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்கிற இடத்தை, அழுதால் அறையில் பூட்டுகிற இடத்தை, முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்க்க வைக்கிற இடத்தை விட்டு வந்துவிடுங்கள். கையை உதறுவது, சுற்றுவது, ஆடுவது யாரையும் காயப்படுத்தாத வரை நிறுத்தத் தேவையில்லை. அவன் தன்னை அமைதிப்படுத்திக்கொள்வது அப்படித்தான்.

ஆளுக்கொரு யோசனை என்றீர்களே, அதில் சிலவற்றுக்கு உயிரே விலை. உடலிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையில் 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன் இறந்தான். குளோரின் டை ஆக்சைடு என்பது வெளுப்பான்; அதைச் சொட்டு மருந்தாகவும் எனிமாவாகவும் விற்கிறார்கள். அழுத்த அறையில் ஆக்சிஜன், ஸ்டெம் செல் ஊசி இரண்டுக்கும் ஆட்டிசத்தில் நிரூபணம் இல்லை. கோதுமையும் பாலும் நீக்கும் உணவுமுறை தனியாக ஒவ்வாமையோ, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயோ இருந்தால் ஒழிய பலன் தருவதாக உறுதியான ஆதாரம் கிடையாது. ஐந்தாறு உணவோடு நிற்கும் உங்கள் பையனுக்கு அதில் இருப்பதும் பறிபோகும். ரிஸ்பெரிடோன், அரிப்பிபிரசோல் என்ற மருந்துகள் கடுமையான எரிச்சலையும் தன்னைக் காயப்படுத்துவதையும் குறைக்கத் தரப்படுபவை, எடையை ஏற்றும், பேச்சைக் கொண்டுவராது. தடுப்பூசி காரணம் என்ற பயம் 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரையில் தொடங்கியது. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்விலும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. வளர்ப்பும் காரணமில்லை. தாயின் பாசக்குறைவால் வருவது என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவர்களே பேசி, எத்தனையோ தாய்மாரை வதைத்தார்கள். அதில் ஒரு துளி உண்மையும் இல்லை.

வந்த திறன் திடீரென்று போனாலோ, சில நொடி வெறித்துப் பார்த்து அழைத்தாலும் திரும்பாமல் இருந்தாலோ போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு நோய் ஆட்டிசக் குழந்தைகளிடம் மற்றவர்களைவிட அதிகம். சிறு வயதிலும் வரும், பருவ வயதிலும் வரும்.

கடைசியாக வீட்டு ஏற்பாடு. இரவு முறையை இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள்: இன்று இரண்டு மணிக்கு எழுபவர் நாளை எழக் கூடாது, வேறு அறையில் படுத்துத் தூங்க வேண்டும். தாத்தா, பாட்டி, சித்தி யாராவது ஒருவருக்குப் பட அட்டை முறையை முழுதாகக் கற்றுக்கொடுங்கள். அம்மாவிடம் மட்டும் கேட்கத் தெரிந்த பிள்ளை, அம்மா இல்லாத நேரத்தில் மறுபடி தலையைத்தான் முட்டிக்கொள்வான். பள்ளியில் சேர்க்கும்போதும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எப்படிக் கேட்பான், எதற்குப் பயப்படுவான், உடையப்போகும் முன் முகத்திலும் கையிலும் என்ன தெரியும், அப்போது எதைச் செய்யக் கூடாது. ஆசிரியருக்கு இருபது பக்க அறிக்கையைவிட அந்த ஒரு பக்கம் உதவும். நான்கு பத்தி நோட்டில் இரண்டு வாரம் எழுதிவிட்டு, இரண்டாம் பத்தியில் அடிக்கடி வருவது எது என்று இங்கேயே எழுதுங்கள். எந்த அட்டையை முதலில் கற்றுக்கொடுப்பது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.